வெக்கை நோயை வென்ற வரலாறு

அரசர்கள் முடிசூடிய நாளும் படைகள் மோதிய களமும் நம் வரலாற்று நூல்களில் பிசகாமல் இடம்பெற்றிருக்கின்றன. ஒரு பருவத்தில் ஓர் ஊரின் மாட்டுத் தொழுவங்கள் எல்லாம் வெறுமையாகிப் போன செய்தியை அந்நூல்கள் குறிப்பது அரிது. எனினும், அரசன் மாறியபோதும் அசையாத குடியானவன் வாழ்வு, தொழுவம் வெறுமையானபோது வேரோடு சாய்ந்தது. இந்திய நாட்டில் அவ்வாறு தொழுவங்களை வெறுமையாக்கிய நோய்களுள் தலையாயது வெக்கை நோய். அந்நோய் இன்று உலகில் இல்லை. அது எவ்வாறு நாட்டை வருத்தியது, எவ்வாறு ஒழிக்கப்பட்டது, அவ்வெற்றி நாட்டின் வளர்ச்சிக்கு எவ்வகையில் துணைநின்றது என்பனவற்றை இங்கே நாம் எண்ணிப் பார்ப்போம்.

தமிழகத்தில் வெக்கை எனப்பட்ட இந்நோயை வட இந்திய ஊர்களில் ‘மாதா’ என்றும் ‘போக்னி’ என்றும் வழங்கினர். நோய் தொற்றிய சில நாட்களில் மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் காணும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயினுள் புண் தோன்றி மாடு தீனியை மறுக்கும். பின்னர் ஓயாத கழிச்சல் கண்டு, உடல் நீர் வற்றி, பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குள் மாண்டு விழும். எருமையும் அவ்வாறே மாளும். பிழைத்த மாட்டுக்கோ வாழ்நாள் முழுதும் அந்நோய் மீண்டும் வருவதில்லை. இக்கடைசிச் செய்தியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் அதுவே அடிப்படை.

மாடு மாண்டால் மாய்வது மாடு மட்டுமன்று. உழவு எருது இரண்டில் ஒன்று போனால் ஏர் நிற்கும். மழை பெய்து ஈரம் காயுமுன் உழாத நிலம் அவ்வாண்டு தரிசாகும். வேறு எருது வாங்கக் குடியானவன் வட்டிக்குக் கடன்படுவான். கடனுக்கு ஈடாக நிலம் போகும். ஏற்றமும் கவலையும் இறைப்பார் இன்றி நிற்கும். வண்டி ஓடாது; விளைந்ததும் சந்தைக்குச் சேராது. குழந்தைக்குப் பால் இல்லை. வயலுக்கு எரு இல்லை. எரு இழந்த மண் அடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் குறைவாகவே விளையும். இந்நாளில் ‘நிலைத்த வளர்ச்சி’ என்று அறிஞர்கள் கூறுவதன் பொருள், இன்றைய தேவையை நாளைய வளத்தை அழிக்காமல் நிறைவேற்றிக்கொள்வது என்பதாம். மண்ணும் மாடும் மனிதனும் ஒருவரையொருவர் தாங்கி நின்ற நம் சிற்றூர் வாழ்வில், அந்நிலைபேற்றின் நடுக்கண்ணி மாடே. வெக்கை நோய் அக்கண்ணியையே அறுத்தது.

கால்நடைகளின் துயரைத் துடைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதிதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்குகட்கும் தனித்தனியே மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததையும், மூலிகைகள் கிடைக்காத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து பயிரிட்டதையும், வழிகளில் கிணறு தோண்டியதையும் பொறித்துள்ளார். தம் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் மட்டுமின்றிச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளிலும் இவ்வேற்பாடு உண்டென அக்கல்வெட்டு கூறுகிறது. குஜராத்தில் வாழும் தமிழர் ஜூனாகட்டை அடுத்த கிர்நார் மலையடியிலும், ஒடிசாவில் வாழ்வோர் புவனேசுவரத்தை அடுத்த தௌலியிலும் இக்கல்வெட்டை இன்றும் காணலாம். நம் முன்னோர் நாட்டின் பெயர்கள், மாட்டுக்கு மருந்து தரும் செய்தியோடு சேர்த்து அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன.

அருள் வழியில் பிற்காலத்தவரும் பின்தங்கவில்லை. மேற்கு இந்தியாவில் முதிர்ந்த, ஊனமுற்ற கால்நடைகளைப் பேணும் ‘பாஞ்சராபோல்’ என்னும் காப்பகங்கள் நெடுங்காலமாக நடந்துவந்தன. பம்பாய் நகரின் பாஞ்சராபோல் 1834ஆம் ஆண்டில் ஜம்செட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகப் பெருமக்களின் கொடையால் எழுந்தது. கல்கத்தாவில் 1861ஆம் ஆண்டில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பவர் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார்; வண்டி மாடுகளும் குதிரைகளும் பட்ட கொடுமையே அவரைத் தூண்டியது. ஆயினும், தொற்றுநோய் இன்னதென்று அறியாத காலத்தில் இரக்கம் மட்டும் வெக்கையைத் தடுக்க இயலவில்லை. நோயுற்ற மாட்டை அன்போடு பிற மாடுகளுடன் சேர்த்துக் கட்டினால் அன்பே நோயைப் பரப்பும். இரக்கத்தோடு அறிவும் சேர வேண்டியிருந்தது.

ஐரோப்பாவிலும் இந்நோய் பேரழிவு செய்தது. உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளியைக் குளோது பூர்ழெலா என்பவர் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டில் நிறுவியதற்கு இந்நோயால் விளைந்த இழப்பே பெருங்காரணம். அங்கெல்லாம் மேற்கொண்ட முறை ஒன்றே: நோய்கண்ட மாட்டையும் அதனோடு பழகிய மாடுகளையும் கொன்று புதைப்பது, மாட்டுப் போக்குவரத்தை முற்றிலும் தடுப்பது. 1865ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நோய் புகுந்தபோதும் இறுதியில் அம்முறையே அதனை அடக்கியது.

அம்முறை இந்தியாவுக்குப் பொருந்துமா? சென்னை மாகாணத்தில் 1866ஆம் ஆண்டிலேயே மாட்டுநோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1868ஆம் ஆண்டில் இந்திய அரசு, ஹாலன் என்னும் படைத்துறைக் கால்நடை மருத்துவரின் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 1871ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்நாட்டில் பரவிவந்த மாட்டுநோய்களுள் வெக்கையே முதன்மையானது என்பதை அது ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. ஆனால் இலட்சக்கணக்கான சிற்றூர்களில், வேலியற்ற மேய்ச்சல் நிலங்களில், ஓரிரு மாடுகளையே செல்வமாகக் கொண்ட மக்களிடையே, கொன்று அடக்கும் முறை நடவாத செயல். மாட்டைக் கொல்வதை மனம் ஒப்பாதது ஒருபுறம். கொல்லப்பட்ட மாட்டுக்கு ஈடு தர அரசிடம் பொருளும் மனமும் இல்லாதது மற்றொரு புறம். ஆகவே, மாட்டை உயிரோடு வைத்துக்கொண்டே நோயை ஒழிக்கும் வழியை இந்நாடு தேட வேண்டியதாயிற்று. இத்தேட்டமே பின்வரும் வரலாறு.

தேட்டத்தின் அவசரத்தை ஆப்பிரிக்கா உலகுக்கு உணர்த்தியது. 1887ஆம் ஆண்டை ஒட்டி அக்கண்டத்தின் கிழக்குக் கரையில் வெக்கை நோய் இறங்கியது. இத்தாலியப் படைகளுக்காக இந்தியா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட மாடுகளோடு அது சென்றது என்பர். பத்தே ஆண்டுகளில் தென்கோடி வரை பரவி, சென்ற இடமெல்லாம் மாடுகளில் பெரும்பகுதியை அழித்தது. எத்தியோப்பியாவில் உழ எருதின்றிப் பெரும் பஞ்சம் மூண்டது. மாட்டையே வாழ்வாகக் கொண்ட மேய்ச்சல் இனத்தவர் பலர் தம் நாட்டையே பிறர்க்கு இழந்தனர்.

இந்தியாவில் 1889ஆம் ஆண்டு புனாவில் ஒரு நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. கொடிய நோய்க்கிருமிகளை நகரின் நடுவே வைத்து ஆராய்வது ஏதமாகும் எனக் கருதி, 1893ஆம் ஆண்டில் அதனைக் குமாவுன் மலையில் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றினர். தேவதாரு மரங்கள் சூழ்ந்த அம்மலைமுகட்டில் ஊர் மாடுகளின் நெருக்கம் இல்லை. குளிர்ச்சியோ இயற்கையாகவே உண்டு. ஆல்பிரெட் லிங்கார்டு அதன் முதல் தலைவர். ஜெர்மானியப் பேரறிஞர் இராபர்ட் கோக் 1897ஆம் ஆண்டில் அங்கே வருகை தந்தார். தென்னாப்பிரிக்காவில் வெக்கையை ஆராய்ந்த பின் அவர் இந்தியா வந்த காலம் அது.

நோயிலிருந்து பிழைத்த மாட்டின் குருதியில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருப்பதை அறிந்து, அக்குருதியினின்று பிரித்தெடுத்த சீரத்தைப் பிற மாடுகளுக்கு ஊசி வழியே செலுத்தும் முறை முதலில் கைக்கொள்ளப்பட்டது. ஆனால் சீரத்தின் காப்பு சில நாட்களே நிற்கும். நோய்க்குருதியையும் சீரத்தையும் ஒருங்கே செலுத்தினால் காப்பு நெடுங்காலம் நிற்கும். எனினும் அது உயிருள்ள நோயையே மாட்டினுள் செலுத்துவதாகும். செலவும் மிகுதி. கோடிக்கணக்கான மாடுகளுக்கு இது எட்டாத மருந்து.

வழி திறந்தது 1920களில். அப்போது முக்தேசுவரத்தின் தலைவராக இருந்த ஜே. டி. எட்வர்ட்ஸ், வெக்கை வைரஸை வெள்ளாட்டினுள் செலுத்தி, அவ்வாட்டிலிருந்து மற்றோர் ஆட்டுக்கும், அதிலிருந்து வேறோர் ஆட்டுக்குமாக நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றி வளர்த்தார். ஆட்டுடலுக்குப் பழகிப்போன வைரஸ், மாட்டைக் கொல்லும் வன்மையை இழந்தது; ஆனால் மாட்டுக்குக் காப்பளிக்கும் ஆற்றலை இழக்கவில்லை. ஆட்டின் மண்ணீரலிலிருந்து மருந்து ஆக்கப்பட்டது. ஒரே ஆட்டிலிருந்து மிகப் பல மாடுகளுக்கு மருந்து கிடைத்தது. ஒரே ஊசி பல்லாண்டுக் காப்பளித்தது. விலையும் மிகக் குறைவு. மாட்டைக் காக்க எண்ணற்ற ஆடுகள் உயிர் கொடுத்தன என்பதையும் நாம் மறைக்கலாகாது. பிற்காலத்தில் கென்யா நாட்டில் வால்டர் பிளவ்ரைட் என்பவர் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து அதில் மருந்து ஆக்கும் முறையைக் கண்ட பின்னரே அத்தேவை நீங்கியது.

தென்னாடும் இம்முயற்சியில் பங்கு கொண்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் தொடங்கியது. மைசூர் அரசு 1920களின் நடுவில் பெங்களூரை அடுத்த ஹெப்பாளத்தில் சீரம் நிலையம் அமைத்தது. 1932ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் இராணிப்பேட்டையில், வெக்கைக்கு மருந்து ஆக்குவதற்கென்றே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. இராணிப்பேட்டையின் பெயரை நேயர்கள் மறவாதிருக்க. இவ்வரலாறு முடிவதும் அப்பகுதியிலேதான்.

மருந்து கிடைத்துவிட்டது, எனினும் அது ஒவ்வொரு தொழுவத்துக்கும் சென்று சேர வேண்டுமே! 1954ஆம் ஆண்டில் முன்னோட்டமாகத் தொடங்கி, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நாடெங்கும் விரிந்தது வெக்கை ஒழிப்புத் திட்டம். மாடு எருமைகளில் நூற்றுக்கு எண்பதுக்கேனும் ஊசி போட்டுவிட்டால், நோய் தொற்றிச் செல்ல மாடு கிடைக்காமல் தானே அடங்கும் என்பது அதன் கணக்கு. மாநில எல்லைகளில் சோதனைச் சாவடிகள் எழுந்தன. பனிக்கட்டி நிறைந்த குடுவையில் மருந்தைச் சுமந்து, பேருந்து போகாத ஊர்களுக்குக் கால்நடையாகவும் மிதிவண்டியிலும் சென்ற ஊசி போடுவோரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஊசி போட்டால் பால் வற்றும், கரு கலையும் என்று அஞ்சி மாட்டைக் காட்டுக்கு ஓட்டிச் சென்றோரும் உண்டு. அவர்களை இணங்கச் செய்தது சட்டம் அன்று. ஊசி போட்ட மாடு பிழைத்ததையும் போடாத மாடு மடிந்ததையும் அவர்கள் கண்ணாரக் கண்டதே.

தொடக்கத்தில் ஆண்டுக்கு எண்ணாயிரத்தை ஒட்டி இருந்த நோய்த் தாக்குதல்கள், பத்தாண்டுகளுக்குள் சில நூறாகக் குறைந்தன. அத்தகைய விரைந்த வெற்றிக்குப் பின், எஞ்சியதை ஒழிக்க மேலும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. காரணம் யாது? ஆண்டுதோறும் பிறக்கும் கன்றுகளுக்குக் காப்பில்லை. ஆதலின் பணி ஓர் ஆண்டு தளர்ந்தாலும் நோய்க்கு இடம் கிடைத்துவிடும். நோய் அருகியதும் அரசு அலுவலகங்களின் ஊக்கமும் அருகிற்று. இவற்றினும் பெரிய காரணம் மாட்டு வணிகம். சந்தைக்குச் சந்தை நெடுந்தொலைவு நடத்தப்பட்டும், பின்னாளில் வண்டிகளில் அடைக்கப்பட்டும், நீரும் தீனியும் ஓய்வும் இன்றிச் சென்ற மாடுகள் நோயைச் சுமந்து சென்றன. நோய்கண்ட மாட்டை விரைந்து விற்றுத் தள்ளுவது ஏழைக் குடியானவனுக்கும் ஆசையாயிற்று. ஒரு மாட்டைப் படுத்தும் பாடே மந்தை முழுவதற்கும் கேடாவதை இங்கே நாம் காண்கிறோம்.

1960ஆம் ஆண்டில் நிறைவேறிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தை இக்கண் கொண்டும் பார்க்க வேண்டும். அதற்கு வித்திட்டவர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்கள் அவையின் உறுப்பினராக 1953ஆம் ஆண்டில் அவர் கொணர்ந்த தனியார் மசோதாவே அச்சட்டத்துக்கு முன்னோடி. 1962ஆம் ஆண்டில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின்கீழ் 1978ஆம் ஆண்டில் வந்த விதிகள், வண்டியில் ஏற்றும் மாட்டுக்கு இடமும் நீரும் தீனியும் தரவேண்டும் என்கின்றன. தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும் என்றும் கூறுகின்றன. அருளுக்காக எழுந்த விதியும் நோய்த்தடுப்புக்காக எழுந்த விதியும் ஒரே தாளில் அமைந்திருப்பது வியப்பன்று. இரண்டும் வேண்டுவது ஒன்றையே.

1992ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கூட்டமைப்பின் துணையோடு ஒழிப்புத் திட்டம் புதுவடிவம் பெற்றது. அனைத்து மாடுகளுக்கும் ஊசி என்பதைவிட, எஞ்சிய நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என ஊர் ஊராகத் தேடுவது முதன்மையாயிற்று. நோய் கடைசியாகத் தங்கியிருந்தது தென்னிந்தியாவில். ஆடுகளில் காணும் ஒரு நோயும் வெக்கையே என நெடுநாள் கருதப்பட்டதால் குழப்பம் மிகுந்தது. 1987ஆம் ஆண்டில் தமிழகத்தின் அரசூரில் செம்மறியாடுகளைத் தாக்கிய நோயை ஆராய்ந்தபோது, அது வெக்கைக்கு உறவான, ஆனால் வேறான ஆட்டுக்கொல்லி நோய் எனத் தெளிவாயிற்று. இந்தியாவில் அந்நோய் அறியப்பட்டது அதுவே முதன்முறை. இரண்டையும் பிரித்தறிந்த பின் வெக்கையைத் தேடுவது எளிதாயிற்று.

1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வட ஆர்க்காட்டுப் பகுதியில் வெக்கை நோய் காணப்பட்டது. இந்திய நாட்டில் அதுவே கடைசி. வெக்கை மருந்துக்கென்று இராணிப்பேட்டை நிலையம் எழுந்த அதே பகுதியில், 63 ஆண்டுகளுக்குப் பின் அந்நோய் தன் இறுதி மூச்சை விட்டது. 2006ஆம் ஆண்டில் உலகக் கால்நடை நல அமைப்பு இந்தியாவை வெக்கையற்ற நாடாக ஏற்றது. 2011ஆம் ஆண்டில் உலகமே அந்நோயினின்று நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் உலகினின்று ஒழிந்த நோய்களுள் பெரியம்மைக்கு அடுத்தது இதுவே. இவ்வெற்றியை அறிவித்த உலக அமைப்பும் இந்நோயால் பிறந்ததே; இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியே 1920ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் வெக்கை பரவியதன் விளைவாகவே 1924ஆம் ஆண்டில் அது தோன்றிற்று.

இவ்வெற்றியால் நாடு பெற்றது யாது? குஜராத்தின் ஆனந்த் நகரில் 1946ஆம் ஆண்டில் தொடங்கிய பால் கூட்டுறவு இயக்கத்தின் புகழை நாம் அறிவோம். 1970ஆம் ஆண்டில் அது நாடளாவிய வெண்மைத் திட்டமாக விரிந்தது. 1998ஆம் ஆண்டில் இந்தியா உலகில் மிகுதியாகப் பால் தரும் நாடாயிற்று. அதன் பெருமை கூட்டுறவுக்கே உரியது. ஆனால் நிலமற்ற ஒரு குடும்பத்தலைவி கடன்பட்டு ஒரு கலப்பினப் பசுவை வாங்கத் துணிய வேண்டுமானால், அடுத்த கோடையில் அது வெக்கையில் சாகாது என்ற உறுதி வேண்டும். கலப்பின மாடுகளை வெக்கை மிகக் கடுமையாகத் தாக்கும். ஊசி போட்டுத் திரிந்த அலுவலர்கள் தந்த அவ்வுறுதியின் மேலேயே வெண்மைத் திட்டம் எழுந்து நின்றது.

வெக்கை போயிற்று, வேலை முடியவில்லை. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஏறத்தாழ 19 கோடி மாடுகளும் 11 கோடி எருமைகளும் 15 கோடி வெள்ளாடுகளும் 7 கோடிக்கு மேற்பட்ட செம்மறிகளும் உள்ளன. அதே ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோய், 2022ஆம் ஆண்டில் இராஜஸ்தான், குஜராத் முதலிய மாநிலங்களில் பரவியது. அவ்வாண்டில் நாட்டில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டன. அம்மாநிலங்களில் வாழும் நம்மவர் சாலையோரங்களில் கண்ட காட்சியை மறந்திருக்கமாட்டார். உழவு இயந்திரம் வந்தபின் வேலையற்ற எருதுகளும் பால் வற்றிய பசுக்களும் தெருவில் விடப்படுகின்றன. பிளாஸ்டிக்கைத் தின்று வாடும் அம்மாடுகளுக்கு எவரும் ஊசி போடுவதில்லை. நோய் அவற்றிடம் முதலில் தங்கி, பின்னர் பேணப்படும் மாடுகளுக்கும் செல்கிறது. ஆட்டுக்கொல்லி நோயை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பது என உலக நாடுகள் இலக்குக் குறித்துள்ளன. ஆடு ஏழையின் செல்வம்; அந்நோயை ஒழிக்க வெக்கை தந்த பாடமே போதும்.

அப்பாடம் மிக எளியது. நோயின்றி, தாகமின்றி, அச்சமின்றி வாழும் கால்நடையே உழவனுக்கு நிலைத்த செல்வம். அதன் துன்பத்தைப் பொருட்படுத்தாது பெறும் ஆதாயம் ஓரிரு ஆண்டுகளில் இழப்பாகவே திரும்பும். கடைசித் தொழுவத்தின் கடைசிக் கன்று வரை செல்லாத நன்மை பாதியில் நின்றுவிடும் என்பதை அந்த 30 ஆண்டுகள் காட்டின. வசதியுள்ளோர் மாட்டை மட்டும் காத்திருந்தால் இன்றும் வெக்கை நம்மிடையே இருந்திருக்கும்.

இன்று கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவரும் இளைஞர் வெக்கை கண்ட மாட்டை ஒருமுறையேனும் கண்டவர் அல்லர். வெக்கை என்றால் வெயிலின் புழுக்கம் என்றே இளந்தலைமுறை பொருள் கொள்கிறது. ஒரு சொல் தன் அச்சந்தரும் பொருளை இழந்து நிற்பது நல்ல செய்தியே. அதற்காக நூறாண்டுக்கு மேல் உழைத்தோர் உண்டென்பதை மட்டும் நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.